மெமரி கார்டு செருக ஓர் இடம்

அன்புள்ள முரளிக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். வீடியோ கேம் போட்டியில் சேகா கம்பெனி தோற்றுப்போய், எதிரி நின்டெண்டோவின் காலில் விழுந்தது என்று சுந்தரிடம் சொன்னாயாமே! அதைக் கேட்ட பிறகும் எழுதாமல் இருக்க முடியுமா?

1983 ஜூலை 15, ஒரே நாளில் ஜப்பானில் நின்டெண்டோ ஃபாமிகாம் என்ற கேம் பெட்டியை இறக்கியது, சேகா எஸ்ஜி-1000ஐ. அன்று பிடித்த மல்லுக்கட்டு, 2001 மார்ச்சோடு சேகாவின் கடைசிப் பெட்டியான டிரீம்காஸ்டின் தயாரிப்பு நின்றபோதுதான் ஓய்ந்தது. தோல்விதான், மறுக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸிலும் கேம்கியூபிலும் சேகாவின் நாயகன் சோனிக் ஓட ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் சேகா வெறுங்கையோடு போகவில்லையடா. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேடு விளையாட்டின் வித்தையைக் கொண்டுபோனது. நாம்கோ என்ற இன்னொரு கேம் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு மூவரும் 2002இல் அறிவித்த டிரைஃபோர்ஸ் என்ற ஆர்கேடு போர்டைப் பார்: உள்ளே இருப்பது கேம்கியூபின் வன்பொருள். அதை வைத்து சேகாவில் நகோஷி நடத்திய அமியூஸ்மென்ட் விஷன் குழு, நின்டெண்டோவின் சொந்தப் பிள்ளையான எஃப்-ஜீரோ பந்தய விளையாட்டையே 2003இல் செய்துகொடுத்தது. ஆர்கேடுக்கு ஏஎக்ஸ், வீட்டுக்கு ஜிஎக்ஸ். பழைய எதிரியின் கையில் யாராவது இப்படித் தன் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பார்களா?

ஏஎக்ஸ் ஆர்கேடு கேபினெட்டில், ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கேம்கியூப் மெமரி கார்டு செருக ஓர் இடம் உண்டு. ஜிஎக்ஸ் சேவ் இருக்கும் கார்டை அங்கே செருகி ஓட்டினால், ஏஎக்ஸின் வண்டிகளும் ட்ராக்குகளும் வீட்டில் திறந்துகொள்ளும். அவை முதலிலிருந்தே வீட்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. கார்டு கொண்டுவருவது சாவியை மட்டும். சேகாவின் கேபினெட்டும் நின்டெண்டோவின் பெட்டியும் கைகுலுக்கிய இடம் அந்தச் சின்னத் துளைதான்.

2025 ஜூனில் ஜிஎக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பெட்டிக்கும் வந்துவிட்டது, உன்னிடம்தான் இருக்கிறதே, ஓட்டிப் பார். பந்தயத்துக்கு முன் வரும் ஸ்லைடரை அதிகபட்ச வேகத்தின் பக்கம் தள்ளினால் ஆக்சிலரேஷன் குறையும். இடித்து இடித்து நிற்கிறவரை நடுவிலேயே வை. திடீர் வேகம் தரும் பூஸ்ட் இரண்டாவது சுற்றிலிருந்துதான் கிடைக்கும், அதுவும் உன் எனர்ஜியைத் தின்னும். ட்ராக்கில் எனர்ஜி ஏற்றும் பட்டையை நெருங்கும்போது பூஸ்ட் அடி. தொலைவில் அடித்துத் தீர்த்துவிட்டால் அடுத்த இடியில் வண்டி வெடிக்கும். ஆர்கேடு இல்லாமலும் ஏஎக்ஸ் கப் என்ற பந்தயத் தொடரைத் திறக்கலாம்: மற்ற நான்கு கப்பையும் மாஸ்டர் என்ற மிகக் கடினமான நிலையில் ஜெயிக்க வேண்டும். கடினம், விட்டுவிடாதே.

அந்த நான்கில் எமரால்டு கப் வரை வந்ததும் எழுது. சுந்தரிடம் சொன்னதையும் மாற்றிச் சொல்லிவிடு.

அன்புடன்,
கண்ணன்