முதல் பாட்டில் தண்ணீர்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெங்களூரில் உங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்க்கும் சங்கத்துக்கு உன்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நம் ஊர்ப்பக்கத்து ஒரத்துப்பாளையம் அணை நினைவாகவே இருக்கிறது.

1992இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே அந்த அணையைக் கட்டியபோது வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று மகிழ்ந்தோம். வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. நம் கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பாய்ச்சிய பாத்தி காய்ந்ததும் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது, தென்னங்கீற்று நுனியிலிருந்து கருகியது, மாடுகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள் என்பதும், அன்றைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கினாலும் உப்பை நீக்கவில்லை என்பதும் விளங்கும்வரை, "தண்ணீர்தான் தெளிந்துவிட்டதே" என்றவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

அதை எங்களுக்கு விளங்க வைத்த பெரியவருக்கு மேடையில் பேச வராது. மாதந்தோறும் ஒரே மதகடியில் பாட்டிலில் நீர் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டி, ஆய்வறிக்கைகளை நோட்டில் தைத்து வைப்பார். சமரசம் பேச யார் அழைத்தாலும் தனியாகப் போகமாட்டார். திரும்பியதும் கோயில் திண்ணையில் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுவார்.

நொய்யல் பாசன விவசாயிகளின் ஆயக்கட்டுதாரர் சங்கம் 2003இல் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவானது. அந்த வாரமே உன் பெரியப்பா மகன் வேலையிழந்து ஊர் திரும்பினான். பெரியவர் அவன் வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "உப்புத் தண்ணீரை ஆற்றில் விடாதீர்கள் என்றுதான் கேட்டோம், சாமி" என்றார். அவன் அதை ஏற்கவில்லை. கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் ஏற்பாட்டோடு பட்டறைகள் திறந்த பிறகும் அவன் மனம் ஆறவில்லை. இருந்தாலும் அவர் போனதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் ஏரியில் சேர்வது தொழிற்சாலைக் கழிவு மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகமே. உங்கள் அடுக்ககத்துச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று பார்த்தாயா? முதல் பாட்டிலை அந்தக் குழாயடியில் பிடித்து, தேதி எழுதி, சங்கத்தார் அனைவருக்கும் காட்டிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா