மீனாவுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள மீனாவுக்கு அம்மா எழுதுவது.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு வண்டிப் படங்களும் வந்தன. "எதும்மா நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. நான் கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், வேலை முடித்து நிதானமாகப் படி.

படத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது என்று ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 பைக்கைத் திண்டுக்கல்லிலேயே போய்ப் பார்த்தேன். இன்னொரு பைக்கான ட்ரையம்ப் ஸ்பீடு 400க்காகப் பிரபுவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். இரண்டிலும் ஏறி உட்கார்ந்தேன், பிரபு இரண்டையும் ஓட்டினான். சர்வீஸ் முழுக்க டிவிஎஸ் மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையடி ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசி போடப் போனவள் நான், வண்டியைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பார்வைக்கு இரண்டும் பழைய காலத்து அமைப்புதான். உருண்டை ஹெட்லைட், மேலே கவசம் மாதிரி பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் இன்ஜின் வெளியே தெரிகிறது, டேங்க் பெரியப்பாவின் புல்லட்டை நினைவுபடுத்துகிறது. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும், சித்தப்பா ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார் என்று உனக்கே தெரியும். இப்போது வருகிற இரண்டிலும் கியர் இடது காலில்தான், அந்தப் பயம் வேண்டாம். ஹண்டர் நம் சென்னைப் பக்கம் செய்வது. ட்ரையம்ப் பெயர் இங்கிலாந்துடையது என்றாலும் இந்த 400ஐப் புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் பஜாஜ்காரர்கள் செய்கிறார்கள். அதனால் ஸ்பேர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமோ என்று கவலைப்படத் தேவையில்லை.

உன் உயரத்துக்கு எது என்பதுதான் நான் முதலில் பார்த்தது. ஹண்டரில் சீட் உயரம் 790 மில்லிமீட்டர், ட்ரையம்பிலும் அதை ஒட்டித்தான். ஹண்டர் 181 கிலோ, ட்ரையம்ப் அதைவிட ஓரிரண்டு கிலோ குறைவு. காகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நீ இதுவரை ஓட்டியது ஸ்கூட்டி, அதைப்போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. ஓடும்போது எடை தெரியாது, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளித் திருப்பும்போதுதான் தெரியும். அங்கே பார்க்கிங் சரிவாக இருக்கிறதா, சமமாக இருக்கிறதா? தள்ளிவிட ஆள் இருக்கிறதா? அந்த இடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் கேட்கிறேன். போன மாதம் பொடி அனுப்ப முகவரி கேட்டபோது நீ அனுப்பியது பழைய முகவரி இல்லை என்பதை நான் கவனித்தேன்.

அப்புறம் இன்ஜின். ஹண்டரில் 349 சிசி, காற்றிலும் ஆயிலிலும் குளிர்கிற சாதாரண இன்ஜின், 20 குதிரைத்திறன், ஐந்து கியர். ட்ரையம்பில் 398 சிசி, ரேடியேட்டர் வைத்தது, 40 குதிரைத்திறன், ஆறு கியர். பார்த்தால் ட்ரையம்ப் இரண்டு மடங்கு என்று தோன்றும், ஆனால் அந்தச் சக்தி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ட்ரையம்பில் முழு இழுவை இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போதுதான் வருகிறது, ஹண்டரில் 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. நீ தினமும் போவது பெங்களூரில் சில்க் போர்டு பக்கம். அங்கே ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் மேல் கியரில் மெதுவாகப் போனால் ட்ரையம்ப் திணறும், கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹண்டர் அப்படியே இழுத்துக்கொண்டு போகும். நெரிசலில் நின்றால் ட்ரையம்பின் ஃபேன் சுற்றி அனல் காற்று காலில் அடிக்கிறது என்றும் பிரபு சொன்னான். கிளட்ச் இரண்டிலும் லேசாகத்தான் இருக்கிறது. ஹண்டரில் 2025இல் மாற்றினார்களாம், பழைய ஸ்டாக் கொடுத்தால் வாங்காதே, அந்த வருடம்தான் பின் சஸ்பென்ஷனையும் கொஞ்சம் மென்மையாக்கி, தரைக்கும் வண்டிக்குமான இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ள வண்டி பள்ளத்தில் இடுப்பை உடைக்கும். சஸ்பென்ஷன் என்று பார்த்தால் ட்ரையம்ப் தான் மேல், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். வளைவில் அது நிற்கிற நிற்பு வேறு என்று பிரபு திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

நாற்கர சாலையிலும் அப்படித்தான். ஹண்டர் எண்பது, தொண்ணூறில் சுகமாகப் போகும், அதற்கு மேல் முறுக்கினால் அதிர்வு. ட்ரையம்ப் நூறைத் தாண்டியும் அலட்டாமல் போகும், தொப்பூர் கணவாயில் லாரியைத் தாண்டும்போது கையில் மிச்ச சக்தி இருப்பது நல்லதுதான். ஆனால் நீ ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர் என்று அவ்வளவு தூரம் வண்டியில் இங்கே வருவதாக இருந்தால்தானே அந்தக் கணக்கு? ஆடிக்கு வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை, ஆபீஸ் என்றாய். கார்த்திகைக்கு விளக்கு ஏற்றிவிட்டு உன் போனுக்காக உட்கார்ந்திருந்தேன். குறை சொல்லவில்லை. வண்டியில் வர வேண்டாம், ரயிலில் வா, ராத்திரியில் அந்த ரோட்டில் தனியாக வரவே கூடாது.

பிரேக் விஷயத்தில் மட்டும் பணத்தைப் பார்க்காதே. ஹண்டரில் விலை குறைந்த மாடலில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக், சடாரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும், ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் டயர். அது வேண்டாம். அலாய் சக்கரம், இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ளதை எடு. ட்யூப்லெஸ் என்றால் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வெளிச்சம் இருக்கிற இடம் வரை போய்விடலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ட்ரையம்பில் இதெல்லாம் தொடக்கத்திலேயே இருக்கிறது, அதோடு மழையில் பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ட்ராக்ஷன் கண்ட்ரோலும் இருக்கிறது. ஹண்டரில் அது கிடையாது.

ஹெல்மெட் போடு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, முழு முகத்தையும் மூடுவதாக வாங்கி, பட்டையைக் கிளிக் என்று மாட்டு. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து விழுந்தவர்களை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவள் நான். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகு. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றிவிடு என்று யாராவது சொல்வார்கள், கழற்றாதே.

பின் சீட்டைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. போன தடவை நீங்கள் இருவரும் ஸ்கூட்டி பார்த்தபோது முதல் கேள்வியே அதுதான், மாப்பிள்ளை உயரத்துக்குக் கால் மடங்குமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாய். இந்த முறை நானே உட்கார்ந்து பார்த்தேன். ஹண்டரில் ஒருவர் ஓரளவு வசதியாக உட்காரலாம், ட்ரையம்பில் கொஞ்ச தூரம் போகலாம். யாருக்குத் தேவைப்படும் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நீயே சொல்வாய்.

இனி விலை. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. ஹண்டர் 349, ட்ரையம்ப் 398. ஐம்பது சிசி வித்தியாசம் வரியில் அவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுகிறது. ஷோரூம் விலையிலேயே இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கிறது, அதற்கு மேல் சாலை வரி, கர்நாடகாவில் அது நம் ஊரைவிட அதிகம். ஆன் ரோடு விலையை எழுதி வாங்கு, வாய் வார்த்தையை நம்பாதே. சர்வீஸ் செலவில் ட்ரையம்ப் மோசமில்லை, முதல் சர்வீஸுக்கு அப்புறம் 16,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கிறார்கள். ஆனால் வழியில் நின்றுவிட்டால் ஹண்டரைத் தொட எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் இருப்பார், மற்றதற்குப் பெரிய ஊரைத் தேட வேண்டும்.

லோன் உன் பெயரில் மட்டும்தானா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியே இருக்கட்டும். ஆர்சி புத்தகமும் உன் பெயரில், உன் ஆதாரோடு. பதிவுக்கு முகவரி ஆதாரம் கேட்பார்கள், எந்த முகவரியைக் கொடுப்பது என்று முன்னாலேயே யோசித்து வை, வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறதா பார். இன்சூரன்ஸில் எதிராளிக்கான பகுதி ஐந்து வருடத்துக்குக் கட்டாயம், ஓட்டுகிற சொந்தக்காரருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடும் சேர்த்துப் போடுவார்கள். அந்தப் படிவத்தில் நாமினி என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் பழக்கத்துக்கு எதையாவது எழுதிவிடாதே. அப்பா இருந்திருந்தால் அப்பா பெயர், இப்போது யார் பெயர் என்று நீ யோசித்து எழுது. என் பெயரை எழுதினாலும் சரி, பிறந்த தேதி உனக்குத் தெரியும்.

உன் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு எடுத்ததுதானே? அதை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் ஓட்டக் கூடாது, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான். முதலில் எல்எல்ஆர் போட்டு கியர் வண்டிக்குச் சேர்த்துக்கொள், அதுவரை புக் பண்ணிவிட்டுப் பொறுமையாக இரு. நீ எட்டாவது படிக்கும்போதே என் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய் அரசமரத்தடியில் ஓட்டிப் பார்த்தவள், கற்றுக்கொள்ள உனக்கு நாளாகாது. நம் வீட்டில் சொந்தக் கையெழுத்தில் லோன் வாங்கி வண்டி எடுக்கிற முதல் பெண் நீதான். சின்ன அத்தையிடம் நான் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் வேறு ஏதோ கேட்க வந்தாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன். யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில், ஹண்டர் எடு, இரண்டு ஏபிஎஸ் உள்ளதாக. ட்ரையம்ப் நல்ல வண்டி, ரோட்டில் அதுதான் ஒரு படி மேல், கையில் பணம் தாராளமாக இருந்து, நெடுந்தூரம் போகிற ஆசையும் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் முதல் கியர் வண்டிக்கு, தினமும் நெரிசலில் போவதற்கு, 20 குதிரைத்திறன் போதும். மிச்சமாகிற அந்த ஒரு லட்சத்தை உன் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் போட்டு வை. அதைத் தொடாதே, யார் கேட்டாலும் கொடுக்காதே. ஒருத்தி தனியாக அட்வான்ஸ் கொடுத்து, வாடகை கட்டி, இஎம்ஐயும் கட்டுவதென்றால் கையில் ஆறு மாதச் செலவாவது இருக்க வேண்டும். நீ தனியாக இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த வீட்டில் மேல் அறை அப்படியே இருக்கிறது, பெட்ஷீட் துவைத்து மாற்றியாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி மைசூரு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். வேண்டாம் என்று சொல்லாதே, வந்த இடத்தில் எதுவும் கேட்க மாட்டேன். கன்டோன்மென்ட்டில் இறங்குவதா மெஜஸ்டிக்கிலா, எது உனக்குப் பக்கம் என்று மட்டும் எழுது. ஷோரூமுக்குச் சேர்ந்தே போகலாம். உனக்கு கியர் லைசென்ஸ் வரும் வரைக்கும் டெஸ்ட் ரைடு கிடையாது, உட்கார்ந்து பார்த்து, தள்ளிப் பார்த்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பார். பின் சீட்டில் நான் ஏறிக்கொள்கிறேன், என் எடையோடு உன் கால் தரையில் ஊன்றுகிறதா பார்த்துவிடுவோம். ஹெல்மெட் இரண்டாக வாங்கு, ஒன்று என் தலை அளவுக்கு.

அன்புடன்,
அம்மா