ஃபிரெஸ்னோ வானொலிக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரேடியோ பிலிங்குவே குழுவினருக்கும், கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஸ்பானிஷில் ஒலிபரப்பும் மற்ற நிலையத்தாருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு இங்குள்ள கிளினிக்கில் என் வேலை முடிகிறது. உங்களிடம் ஸ்பானிஷில் சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்லிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் டாக்டர்கள், மருத்துவர் போதாத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால், பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கும். அப்படித்தான் நானும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தேன். இன்னும் பல தமிழ் டாக்டர்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருவார்கள். அங்கே நோயாளிக்கு முதலில் உடல்நல விஷயத்தைச் சொல்வது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் திராட்சை, பாதாம், பீச், தக்காளி என்று பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறும் தொழிலாளர்கள். விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. பள்ளிக்கூடத்தில் ஓரிரு வகுப்போடு நின்றவர்கள் நிறைய. நாங்கள் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மடித்த மடிப்பு கலையாமல் சட்டைப் பையிலேயே இருக்கும். ஆனால் கைக்குத்தான் ஓயாத வேலை, காதுக்கு இல்லை. கொடி வரிசைக்கு நடுவே ஒரு சின்ன ரேடியோ, பழம் அடுக்கும் கொட்டகையில் ஒன்று, வேனில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. அந்தக் காதுகளுக்கு எது உதவும் என்று 1980 ஜூலை 4 முதல் யோசித்துவருகிறீர்கள்.

உங்கள் நிலையத்தைத் தொடங்கிய ஊகோ மொராலெஸ், மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து சிறு பையனாக வந்து கலிஃபோர்னியாத் தோட்டங்களில் வேலை செய்த, மிஷ்டெக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு, பெரிய நகரத்தில் அலுவலகம் போடாமல், இந்தப் புழுதிக்குத் திரும்பி வந்து வானொலி தொடங்கினார். அவருக்கு என் முதல் வணக்கம்.

வெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே கோடையில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வெளியில் வேலை செய்பவர்களை வெயிலிலிருந்து காக்க 2005இல் கலிஃபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது. ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர், குடிநீர் தர வேண்டும். இப்போதைய விதிப்படி 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 27 டிகிரி செல்சியஸை, தாண்டினால் நிழல் ஏற்பாடும் தயாராக இருக்க வேண்டும். விதி புத்தகத்தில் இருந்து என்ன? மேஸ்திரியிடம் போய்க் கேட்கத் தொழிலாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. வெயில் ஏறும் நாட்களில் வேலைக்குப் போகும் நேரத்திலேயே அதை எடுத்துச் சொல்கிறீர்கள். தலை சுற்றினால், வாந்தி வந்தால், பேச்சு குழறினால் தனியாக உட்காரவைக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்கிறீர்கள். மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு வந்த கூட்டாளிகள், வரும் வழியிலேயே அவர் கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ரேடியோ என்றார்கள்.

அடுத்தது பள்ளத்தாக்குக் காய்ச்சல். இந்த மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையின் வித்துக்கள் புழுதியோடு நுரையீரலுக்குள் போவதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் தீராத அசதி. பார்த்தால் சாதாரண நிமோனியா மாதிரியே இருக்கும். ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக்காகக் கொடுப்பார்கள், பூஞ்சைக்கு அது கேட்காது. இதையெல்லாம் உங்கள் ரேடியோவில் கேட்ட ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "டாக்டர், மூன்று வாரமாக இருமுகிறேன், பாதாம் உலுக்கும் இடத்தில் வேலை, இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, எடுத்துவிடுங்கள்" என்றார். எடுத்தோம், அதுவேதான். எந்த மருத்துவக் கல்லூரியும் நோயாளிக்குப் பாடம் எடுப்பதில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள்.

இன்னொன்றையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டால் அசார்கோன், கிரேத்தா என்ற பொடிகளைக் கொடுக்கும் வழக்கம் மெக்சிகோவின் சில பகுதிகளில் உண்டு. ஒன்று ஆரஞ்சு நிறம், மற்றது மஞ்சள். இரண்டுமே ஈயம். வளரும் குழந்தையின் மூளைக்கு அதைவிடக் கெடுதல் வேண்டாம். வண்டி ஓட்டும்போது கேட்ட ஒரு நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசிய நர்ஸ், பாட்டிமார்களைப் பழிக்கவில்லை. பேரன் வலியில் துடிப்பதைப் பார்த்து யாரும் சும்மா இருக்க மாட்டார்கள் என்று தொடங்கி, பொடியில் என்ன இருக்கிறது என்று விளக்கி, கொடுத்திருந்தால் பயப்படாமல் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள் என்று முடித்தார். அந்தப் பேச்சின் மரியாதையை நான் கற்றுக்கொண்டேன். அம்மா, உங்கள் பெயரைக் குறித்துக்கொள்ள முடியவில்லை. இந்த நன்றி உங்களுக்குத்தான்.

1995 முதல் நடக்கும் லீனியா அபியெர்த்தா நிகழ்ச்சியில் தொலைபேசியில் பேசும் நேயர்களுக்கும் நான் கடன்பட்டவள். என் அறையில் கணவன் எதிரிலும் மகள் மொழிபெயர்க்கும்போதும் கேட்க முடியாததை, முகம் தெரியாத தைரியத்தில் அங்கே கேட்கிறார்கள். இன்சுலின் போட்டால் கண் போய்விடுமா, பூச்சிமருந்து பட்ட துணியைக் குழந்தைத் துணியோடு துவைக்கலாமா, குடியுரிமை இல்லாதவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா. ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில், அதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. கோவிட் காலத்தில் எங்கள் நர்ஸ்கள் இதை நன்றாக உணர்ந்ததாகச் சொல்வார்கள். தடுப்பூசிக்குக் காசு கிடையாது, காப்பீடோ குடியேற்றத் தகுதியோ தடையில்லை என்பதை முகாம் அறிவிப்புப் பலகையில் படித்து வந்தவர்களைவிட ரேடியோவில் கேட்டு வந்தவர்களே அதிகமாம்.

ஞாயிற்றுக்கிழமை மிஷ்டெக் மொழியில் நிகழ்ச்சி நடத்துபவர்களே, உங்களுக்குத் தனியாக. ஓஹாகாவிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி, சிலருக்கு அதுவும் தெரியாது. ஸ்பானிஷ் பேசும் ஆளை வைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆஸ்பத்திரிகள் உங்கள் ஒலிபரப்பை ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

வெகு தூரத்தில் இருக்கும் ஒருவருக்கும் நன்றி. பெருவிலிருந்து வந்த புற்றுநோய் மருத்துவர் எல்மர் ஊவெர்த்தா 1989இல் தினசரி வானொலிப் பேச்சைத் தொடங்கினார். 1994இல் வாஷிங்டன் நகரில் அவர் திறந்த புற்றுநோய்த் தடுப்பு மையத்துக்கு, நோய் ஒன்றும் இல்லாத ஆட்கள் ரேடியோவில் கேட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வந்தார்கள். ஏழைகள் முற்றிய பிறகுதான் வருவார்கள் என்ற பேச்சு அங்கே பொய்யானது. பின்னாளில் அவர் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். வலி இல்லாதவரை எப்படி வரவழைப்பது என்று திணறும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் செய்துகாட்டியது பெரிய பலம்.

வீடு வீடாகப் போகும் ப்ரொமோத்தோரா என்ற சுகாதாரப் பணிப் பெண்களையும் மறக்கவில்லை. ரேடியோ சொன்னதை வாசலில் நின்று மறுபடி விளக்கி, அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்து, கூட வந்து உட்காருபவர்கள் அவர்கள்தான்.

பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் ரத்து செய்தது. அந்த நிதியைப் பெற்றுவந்தவர்களில் நீங்களும் உண்டு. அது எனக்குக் கோபம் தருகிறது, மறைக்க விரும்பவில்லை. மருந்து வாங்கக் காசு பார்த்துச் செலவழிக்கும் என் நோயாளிகளே நிதி திரட்டும் நாட்களில் உங்களுக்கு ஐந்து, பத்து டாலர் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் நன்றி. நானும் மாதாமாதம் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். ஊர் மாறினாலும் அது தொடரும்.

என் இடத்துக்கு வரும் டாக்டரும் தமிழ்ப் பெண்தான். ஸ்பானிஷ் இப்போதுதான் படிக்கிறாள். சர்க்கரை நோய் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்று போன வாரம் கேட்டீர்களே, அவளைக் கூப்பிடுங்கள். வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
கிளம்பிக்கொண்டிருக்கும் உங்கள் டாக்டர்