அக்காவின் வயிற்றுவலியை முன்வைத்து, குடல்நோய் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

என் அக்காவுக்கு ஆறு வருடமாக வயிற்றுவலி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, முறுக்க ஆரம்பித்துவிடும். வேலைக்குப் போகிற வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாமே நார்மல். ஃபைலை மூடிய மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "எல்லாம் டென்ஷன்தான். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, சரியாப் போயிடும்" என்றார். அதற்கப்புறம் வலி வந்தாலும் அக்கா வீட்டில் சொல்வதில்லை.

அதனால்தான் இந்த மடல்.

ஐ.பி.எஸ். என்பது பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாமலேயே வயிற்றுவலியும் மலப்போக்குக் கோளாறும் தொடர்கிற குடல்நோய். 2017இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஐ.பி.எஸ். நோயாளிகள் 40 பேரை இரண்டாகப் பிரித்தது. குடலில் எளிதில் நொதிக்கும் மாவுச்சத்துகளை ஒரு பிரிவினருக்கு மூன்று வாரம் குறைத்தார்கள். அவர்களுடைய சிறுநீரில், அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இறங்கியது. அந்த ஹிஸ்டமின் எங்கிருந்து வந்தது? 2022இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் குயின்ஸும் சேர்ந்து அதைத் தேடின. ஹிஸ்டமின் அதிகமிருந்த நோயாளிகளின் குடல் கிருமிகளை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். எலிகளின் குடலும் சின்னத் தூண்டலுக்கே அதிகமாக வலிக்க ஆரம்பித்தது. க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, புரதத்திலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிக்கொண்டிருந்தது. செல்களில் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். அந்த ஹிஸ்டமின் எச்4 என்ற ஏற்பி வழியாக, மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பெருங்குடலுக்கு இழுக்கிறது. எச்4ஐ மருந்தால் அடைத்தபோது எலிகளின் வலி குறைந்தது.

இது எல்லா ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கும் பொருந்தாது என்பது தெரியும். மனஅழுத்தம் குடலைப் பாதிக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கேமராவில் தெரியாத வலிக்கும் உடம்பில் ஒரு காரணம் இருக்கலாம் என்று சொல்ல இது போதாதா? நீங்கள் விளக்காதபோது நோயாளிகள் தாங்களாகவே அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கடையில் கிடைக்கிற செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அடைப்பது எச்1 என்ற வேறு ஏற்பியைத்தான், எச்4ஐ அல்ல.

அப்புறம், சாப்பாடு. இன்னொரு மருத்துவமனையில் அக்காவுக்கு ஆங்கிலத்தில் ஒரு டயட் தாள் கொடுத்தார்கள். அதிலிருந்த பாதிப் பொருள்கள் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எங்கள் சாம்பாரில் சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு மூன்றுமே நொதிக்கும் வகை. ராத்திரிக்குச் சப்பாத்தி, அதற்குக் கொண்டைக்கடலைக் குழம்பு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எதை நிறுத்துவது, எத்தனை வாரம், எந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது என்று தமிழில், நம் சமையலை வைத்து ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். ஒரு உணவியலாளரிடமும் அனுப்பிவையுங்கள். அக்கா பயத்தில் வருடக்கணக்காகப் பருப்பைத் தொடாமல் எட்டு கிலோ இளைத்திருக்கிறாள். அந்த டயட்டை வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பத்தியம் என்று நினைத்துக்கொண்டாள், யாரும் திருத்தவில்லை.

அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறோம். அம்மாவும் கூட வருவார். நீங்கள் தயவுசெய்து அக்காவைப் பார்த்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
அவள் தம்பி