உழுபவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும்: அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கும் வருவாய்த்துறை அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று மா, ஆறு மா (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்) என்று பிறர் நிலத்தைப் பிடித்துச் சாகுபடி செய்பவர்கள். நட்டதும் அவர்கள், வெள்ளத்தில் இழந்ததும் அவர்கள். எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடான அடங்கலில் இருப்பதோ நிலத்துக்காரர் பெயர்; அதனால் நிவாரணமும் அவருக்கே போகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாத அந்தக் கடன் இவர்களுக்கு எட்டுவதில்லை. நெல் வியாபாரியிடம் கடன்பட்டு, அறுத்த நெல்லை அவர் சொன்ன விலைக்கே அளக்கிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் உதவியும் பட்டாதாரருக்குத்தான்.

கடன், நிவாரணத்தோடு இது முடிவதில்லை. மண்ணும் இதனால்தான் கெடுகிறது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதையை அரசு மானியத்தில் கொடுக்கிறது, மனதார வரவேற்கிறேன். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அந்தப் போகத்துக்கே தழைச்சத்து கிடைக்கும். ஆனால் யூரியாவைக் குறைக்கும் அளவுக்கு நிலம் தேற வேண்டுமென்றால் பல ஆண்டுகள் விடாமல் செய்ய வேண்டும். அடுத்த சம்பாவுக்கு இந்த வயல் தன் கையில் இருக்குமா என்றே தெரியாதவர் எதை நம்பி அதைச் செய்வார்? நிலம் தேறினால் குத்தகை நெல்லைக் கூட்டிக் கேட்பார்களோ என்ற பயம் வேறு.

குத்தகை உரிமையைப் பதிவதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகுமென்று நிலத்துக்காரர் அஞ்சுகிறார். பதியக் கேட்டால் வயலைப் பிடுங்கிவிடுவார்களென்று உழுபவர் அஞ்சுகிறார். இரண்டு அச்சமும் நியாயமானவை; நிலத்துக்காரர்களிலும் இல்லாதப்பட்டவர்கள் நிறையப் பேர்.

ஆந்திரம் 2019இல் ஒரு வழி கண்டது: நில உரிமையைத் தொடாமல், 11 மாதத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடியாளர் அட்டை. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்தைக் கட்டாயமாக்கியதால் பலருக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் கையெழுத்தை நாம் கேட்க வேண்டாம். பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சியும் கிராம நிர்வாக அலுவலரின் வயலாய்வும் போதும். வயல்வாரியாகப் பயிரைப் பதியும் அரசின் டிஜிட்டல் பயிர் சர்வேயில் 'உழுபவர் யார்' என்று ஒரு கட்டம் சேருங்கள். கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமே அந்தப் பதிவு செல்லும், உரிமை வழக்குக்குச் செல்லாது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள்.

கோயில் நிலங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே அரசே முன்னின்று செய்ய முடியும். அடுத்த சம்பா நடவுக்கு முன் ஆணை வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுகையைச் சேர்ந்த ஒருவர்