பாத் சாலையின் கோச் வண்டித் தொழிலைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

லண்டனிலிருந்து பாத், பிரிஸ்டல் போகும் சாலையில் நியூபரிக்கும் ஹங்கர்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட 9 மைலுக்குக் கோச்சுகளுக்கு, அதாவது ரயிலுக்கு முன் பயணிகளை ஏற்றிச் சென்ற குதிரை வண்டிகளுக்கு, குதிரை கட்டியவர் எங்கள் முன்னோர். அவர் மகன் கம்பெனிப் படையில் சேர்ந்து மெட்ராஸுக்கு வந்தார். அந்தக் கிளைதான் நாங்கள். தேடலில் கைகொடுத்தவர்கள் சொன்ன வழிகள் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விவரத்தோடு நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய ஆவணங்களைப் படிக்கக் கற்றுத்தந்தவருக்கு. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் அங்கே ‘என்/2’ வரிசையில் உள்ளன. ஆனால் இங்கிலாந்து ஊர்ப்பெயர் அவற்றில் அபூர்வம். ராணுவத்துக்கு ஆள் சேர்த்த பதிவேட்டில்தான் பிறந்த ஊரும் முந்தைய தொழிலும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கடல் தாண்டினால் ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்பார்கள்.

கோச் வரலாறு அறிந்த பெரியவருக்குத்தான் மிகப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். ஒரு கோச்சுக்கு ஒரே முதலாளி என்று தேடினால் எதுவும் கிடைக்காது என்று தொடக்கத்திலேயே எச்சரித்தார். நெடுஞ்சாலையைத் துண்டு போட்டு, ஆளுக்குச் சில மைல் என்று சத்திரக்காரர்கள் குதிரை கட்டுவார்கள். வரும்படியை மைல் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். பெயர் வாங்கியவர் பெரும்பாலும் லண்டன் முனைக் கூட்டாளிதான். கோச் ஒன்றுக்கு, மைலுக்கு ஒரு குதிரை என்பது அன்றைய கணக்கு: 9 மைலில் போக நாலு, வர நாலு, ஓய்வுக்கு ஒன்றிரண்டு. ஆகவே ஏல விளம்பரத்தில் 40 குதிரை என்று பார்த்தால், அந்த லாயம் நாலு கோச்சுக்காவது குதிரை கொடுத்தது என்று ஊகிக்கலாம். வேகக் கோச்சில் ஒரு குதிரை மூன்று நான்கு ஆண்டுதான் தாங்கும் என்பதால் குதிரை வாங்கும் செலவுக்கு முடிவே இல்லை.

அஞ்சல் கோச் தனிக் கதை. 1784 ஆகஸ்டில் பிரிஸ்டல்–லண்டன் தடத்தில் தொடங்கிய அந்தச் சேவையில் ஒப்பந்தக்காரருடையது குதிரையும் ஓட்டுநரும் மட்டுமே. வண்டி வாடகைக்கு வந்தது. கார்டு, அதாவது வண்டியில் அஞ்சலுக்குக் காவலாகப் போனவர், அஞ்சல் துறை ஊழியர். எனவே கார்டின் பெயரை லண்டன் அஞ்சல் அருங்காட்சியக ஆவணங்களில் தேட வேண்டும், சத்திரக் கணக்கில் அல்ல.

பழைய செய்தித்தாள்களில் தேடித் தந்த நண்பர்களே, முன்னோர் பெயரை விட்டுவிட்டுச் சத்திரத்தின் பெயரையும் கோச்சின் பெயரையும் தேடச் சொன்னீர்களே, அதுதான் கதவைத் திறந்தது. 1800க்கு முந்தைய அச்சில் ‘எஸ்’ எழுத்தின் நீண்ட வடிவத்தைக் கணினி ‘எஃப்’ என்று படித்துவிடும். அப்படியும் தட்டிப் பார்க்க வேண்டும். ஊர்வாரியாகத் தொழில்களைப் பட்டியலிட்ட பிகட் விவரக்கொத்தும் இந்த வழிக்கே துணை: கோச், சத்திரம், புறப்படும் நேரம் எல்லாம் தரும், உரிமையாளரைப் பெரும்பாலும் சொல்லாது.

அரசு அறிவிப்பு இதழான லண்டன் கெஜட்டைக் காட்டியவருக்குத் தனி வணக்கம். தொழில் கூட்டணியிலிருந்து விலகுபவர் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் பின்னால் வரும் கடனும் அவர் தலையில் விழும். அந்தப் பயத்தால் அச்சான அறிவிப்பில் கூட்டாளிகள் அத்தனை பேரின் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். இலவசமாகவும் படிக்கலாம். தொழிலை நிரூபிக்க இதைவிடச் சிறந்த ஒற்றைத் தாள் எங்கள் பார்வையில் இல்லை.

1841 மக்கள்தொகைக் கணக்கை நம்பி ஏமாறாமல் காத்தவர்களுக்கும் நன்றி. அந்த ஆண்டு ஜூன் 30இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பிரிஸ்டல் வரை முழுதாகத் திறந்தது. கோச் முதலாளிகள் பலர் அதற்குள் வெறும் சத்திரக்காரராகவோ விவசாயியாகவோ மாறியிருந்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியதும் குழப்பும். ‘கோச்மேன்’ என்றிருந்தால் அவர் ஒரு பெரிய வீட்டு வண்டியோட்டியாகவும் இருக்கலாம்.

1858 ஜனவரிக்கு முந்தைய உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில் பதிவானவை. அவற்றின் கையெழுத்தை வரிவரியாகப் பிரித்துத் தந்த தன்னார்வலர்களின் பொறுமைக்கு ஈடு சொல்ல முடியாது.

ஒரு வேண்டுகோள். மைல் கணக்குத் தாள்கள் கூட்டாளிகளின் வீட்டிலோ வழக்கறிஞரின் பழைய கட்டுகளிலோ தங்கியிருக்க வாய்ப்புண்டு. பாத் சாலையில் குதிரை கட்டிய குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால் அந்தத் தாள்களின் படங்களைப் பகிர்ந்து உதவுங்கள்; எங்களிடம் உள்ள நகல்களை மகிழ்ச்சியோடு தருகிறோம்.

நன்றியுடன்,
குடும்பத்தார்