நூலகத்தில் எங்கள் பெண்களுக்கு ஓர் அலுமாரி

ஆசிரியருக்கு,

வணக்கம். மார்ச் 8 நெருங்குகிறது. இந்த முறை மகளிர் தினத்தை ஒட்டி, யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் எங்கள் பெண்களின் வரலாற்றைக் கொண்டாட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கொண்டாட்டம் என்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை என்ற ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். அதையும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று தொடங்கி நூலகத்தில் ஓர் அலுமாரி நிரந்தரமாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் எழுதியவை, அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை, அவர்கள் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த கடதாசிகள் எல்லாம் அங்கே ஒன்றாகச் சேரவேண்டும்.

நான் பல வருடங்கள் வரலாறு படிப்பித்தவள். இன்றும் பிள்ளைகள் ஒப்படை எழுத வரும்போது, யாழ்ப்பாணத்துப் பெண்களைப் பற்றி ஏதாவது இருக்கா ரீச்சர் என்று கேட்பார்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஒன்று ஒரு பழைய மலரில் இருக்கும், இன்னொன்று ஒரு பாடசாலையின் நூற்றாண்டு வெளியீட்டில், மற்றது யாரோ ஒருவரின் வீட்டில். பதினாறு வயதுப் பிள்ளை இத்தனை இடத்துக்கும் அலைய முடியாது.

இதற்கு எங்கள் நூலகத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. அதன் கதையிலேயே பெண்கள் இருக்கிறார்கள். 1981 ஜூன் 1 விடிவதற்குள் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் தீ வைக்கப்பட்டுச் சாம்பலானபோது அங்கே பிரதம நூலகராக இருந்தவர் ஒரு பெண், ரூபவதி நடராஜா. அதே வன்முறையில்தான் யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் கொளுத்தப்பட்டது. அவருடைய மனைவி சரோஜினி யோகேஸ்வரன் 1998 இல் இந்த மாநகரத்தின் முதல் பெண் மேயரானார். சில மாதங்கள்கூட அந்தக் கதிரையில் இருக்க விடவில்லை, அந்த வருடம் மே மாதமே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நூலகம் மாநகரசபையின் சொத்து. தன் முதல் பெண் மேயரின் படத்துக்கும் வாழ்க்கைக் குறிப்புக்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்குவது அந்தச் சபையின் கடமை என்றே நினைக்கிறேன்.

வாக்குரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பெண்களுக்கு 1931 இல் ஆண்களோடு சமமாக வாக்குரிமை கிடைத்தது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த வருடம் ஒரு பெண்ணும் வாக்களிக்கவில்லை, ஆணும் வாக்களிக்கவில்லை. அந்த வாக்குரிமையைத் தந்த டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. கொழும்பு வடக்கில் 1932 இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி வென்று அரசாங்க சபைக்கே போய்விட்டார். எங்கள் அம்மம்மாமாருக்கோ 1934 இடைத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரி, அந்த 1934 இல் யார் யார் போனார்கள்? நடந்தா, மாட்டுவண்டியிலா? வீட்டு ஆண்கள் சொன்னவருக்கே வாக்குப் போட்டார்களா, தாங்களாக ஒருவரைத் தெரிந்தார்களா? இவை எனக்கு மிகப் பெரிய கேள்விகள். அதே 1934 ஆகஸ்டில்தான் 844 புத்தகங்களோடு இந்த நூலகமும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த நாளைய பேச்சைத் தாய் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து ஒலிப்பதிவுக் கருவியோடு போனால் யாரிடம் கேட்பது?

பெண்கல்வியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதில் பெருமை உண்டு. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய விடுதிப் பாடசாலை, அங்கே ஏறக்குறைய நாற்பது வருடம் பணி செய்த எலைசா அக்னியூ, 1913 இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் கல்லூரி. ஆனால் நிறுவியவர்களின் பெயர் இருக்கிற அளவுக்குப் படித்த பிள்ளைகளின் பெயர் இல்லை. அந்நாளில் மிஷன் விடுதியில் சேர்ந்த பிள்ளைக்கு, செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே வைக்கிற வழக்கமும் இருந்தது. அதனால் எங்கள் முதல் தலைமுறைப் படித்த பெண்கள் சிலரின் பிறந்த பெயரைத் தேடுவதே ஒரு பெரிய ஆராய்ச்சி.

எழுதியவர்களும் இருந்தார்கள். மங்களநாயகம் தம்பையா 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை வெளியிட்டார். மங்களம்மாள் மாசிலாமணி 1923 இல் ‘தமிழ்மகள்’ என்ற இதழைத் தொடங்கினார். நூறு வருடத்துக்கு முந்திய இந்தப் பெயர்களை எங்கள் பட்டதாரிப் பிள்ளைகள் பலரே கேள்விப்படவில்லை என்பது எனக்கு உண்மையில் வேதனை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புத்தகமாக வராதவற்றைப் பற்றி. எங்கள் வீடுகளில் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிற பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி மகளுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் போகும், உறுதி அவள் பெயரில் இருக்கும். ஆனால் மணமான பெண் அதை விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமென்றால் கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். சொத்தும் அவளுடையது, கட்டும் அவளுக்கே! இந்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி நடந்தது என்பதை அந்த உறுதிகள் சொல்லும். பூட்டியார் பெருவிரல் அடையாளம் வைத்திருப்பார். அடுத்த உறுதியில் அம்மம்மா எழுத்துக் கூட்டிக் கையொப்பம் போட்டிருப்பார். அதற்கடுத்ததில் அம்மா சரளமாக எழுதியிருப்பார். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் படிப்பு எந்தத் தலைமுறையில் வந்தது என்று வேறு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. உறுதியை நூலகத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லவில்லை. ஸ்கான் செய்துவிட்டு, கொண்டுவந்தவர் கையிலேயே அப்போதே திருப்பிக் கொடுக்கவேண்டும். காணி விபரத்தை மறைக்கச் சொன்னால் மறைக்கவேண்டும். சம்மதம் எழுத்தில் பெறவேண்டும். இந்த மூன்றையும் முன்கூட்டியே தெளிவாக அறிவித்தால்தான் சனம் நம்பி வரும்.

உறுதி மட்டுமல்ல. மலாயாவுக்கு வேலைக்குப் போன கணவனுக்கு எழுதிய கடிதம், ஒடியலும் புகையிலையும் விற்ற காசை எழுதிய கொப்பி, சீட்டுக் கணக்கு, 1898 இல் பெண்களுக்கென்று தொடங்கிய இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரியில் தாதியாகவோ மருத்துவிச்சியாகவோ வேலை பார்த்தவரின் சான்றிதழ், பாடசாலைக் குழுப்படம். படத்தின் பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் அது பொன். 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது இப்படி எவ்வளவு விட்டுப் போனோம்! கையில் பிள்ளையும் சோற்றுப் பார்சலும், பெட்டியை யார் தூக்குவது? தப்பியவை கொஞ்சம். கறையான் மிச்சம் வைத்தது அதிலும் கொஞ்சம். இருக்கிற அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

இன்னொன்று. கொண்டாட்டம் என்றதும் மனதுக்கு இனியவற்றை மட்டும் எடுத்து வைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நடத்தி ஆதரவற்ற பெண்பிள்ளைகளை வளர்த்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரை எல்லோரும் ஏற்பார்கள், ஏற்கவும் வேண்டும். படையினர் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு 1984 இல் அன்னையர் முன்னணியாகத் தெருவில் இறங்கிய தாய்மாரும் அந்த அலுமாரியில் இருக்கவேண்டும். யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்து, எல்லாத் தரப்பின் கொடுமையையும் எழுதியதற்காக 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகம இருக்கவேண்டும். 1991 இல் தன் கவிதைகளைத் தானே எரித்துவிட்டு உயிரை விட்ட சிவரமணியும், அதே வருடம் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத கவிஞர் செல்வியும் இருக்கவேண்டும். சிலருக்கு இது கசக்கும். கசக்கிறது என்பதற்காக ஒரு பொதுசன நூலகம் இவர்களை விட்டுவிட முடியாது.

செய்யக் கூடியதைத்தான் கேட்கிறேன். அலுமாரி ஒன்று, ஸ்கானர் ஒன்று, பொறுப்பாக ஓர் உத்தியோகத்தர். மின்வடிவாக்கும் வேலையில் 2005 இலிருந்து அனுபவம் உள்ள, ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தைக் கேட்டால் வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறேன். முதலாவது சேகரிப்பு நாளை மார்ச்சில் வைத்து, அடுத்ததை ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் வைக்கலாம். இடம் கீழ்த்தளத்தில் இருக்கட்டும், வருகிற ஆச்சிமாருக்குப் படியேற முடியாது. கதிரையும் தேத்தண்ணியும் இருக்கட்டும், அவர்கள் கொண்டுவருகிற கடதாசியை விடச் சொல்லப்போகிற கதை நீளமானது. அதை உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்ய உயர்தர மாணவிகளை அழைக்கலாம். அறிவித்தலை முகப்புத்தகத்தில் மட்டும் போட்டால் முதியவர்களுக்குப் போய்ச் சேராது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சனசமூக நிலைய வாசிகசாலை எல்லாவற்றிலும் ஒட்டவேண்டும்.

மாநகரசபையும் நூலகமும் ஒரு திகதி சொன்னால் போதும். இணுவில், கோண்டாவில் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லவும், வர முடியாதவர்களின் பெட்டிகளை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துப் பதியவும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
இணுவில்.